சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிய சபை தொடங்குவோருக்கு: தரிசனத்தைத் தாளில் இறக்கும் வழி

புதிதாகச் சபை நாட்ட வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பிரசங்கத்தில் இல்லை. பத்திரத்தில், வங்கிக் கணக்கில், ஒலிபெருக்கியில், கல்யாணச் சான்றிதழில் தடுமாறுகிறார்கள். தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரே காரணம் கிடக்கும். தரிசனம், அதாவது இந்தச் சபை யாருக்காக, எதற்காக என்ற நோக்கம், முழுக்கப் போதகரின் தலைக்குள் இருக்கிறது. கூட உழைப்பவர்கள் கையில் இருப்பதோ "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும். அவர் காய்ச்சலில் படுத்தால் ஞாயிறு ஆராதனை நிற்கும். ஊர் மாறினால் சபையே கலையும். அடுத்தவர் வாசித்து, கேள்வி கேட்டு, நீங்கள் இல்லாதபோதும் நடத்தக்கூடிய நிலைக்குத் தரிசனத்தைக் கொண்டுவரும் வேலையைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம். சில படிகள் சலிப்பானவை. அவற்றைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

1. முதல் மூன்று மாதம்: பேசாமல் சுற்றிப் பாருங்கள்

எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்குமுன் நெகேமியா இராத்திரியில் போய் இடிந்த இடங்களைப் பார்த்து வந்தார் (நெகேமியா 2:12-16). உங்கள் முதல் காலாண்டும் அப்படியே போகட்டும். நோட்டீஸ், பேனர், யூடியூப் சேனல் எதுவும் வேண்டாம்.

சேலம் மாநகராட்சியில் நான்கு மண்டலங்கள்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி. 60 வார்டுகள். "சேலம் முழுவதும்" என்று தொடங்காமல் மூன்று அல்லது நான்கு வார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: ஏற்கெனவே உள்ள சபைகள், அவற்றின் ஆராதனை நேரம், அவை யாரைச் சென்றடைகின்றன, மக்கள் எப்போது வேலைக்குப் போய் எப்போது திரும்புகிறார்கள், கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு.

வேலை நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை, அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறி வேலை. இரண்டிலும் துண்டுக் கூலிதான். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ஞாயிறும் வேலை ஓடும். காலை ஒன்பது மணி ஆராதனையை மட்டும் வைத்துக்கொண்டு "ஆட்கள் வருவதில்லை" என்று வருந்துவதைவிட, இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டுக் கூட்டம் வைத்துப் பாருங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊரே திருவிழாவில் இருக்கும். அந்த வாரங்களில் தெருக் கூட்டம், கைப்பிரதி விநியோகம் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொன்று. உங்கள் முதல் முப்பது பேரும் பக்கத்துச் சபையிலிருந்து வந்தவர்கள் என்றால் நீங்கள் சபை நாட்டவில்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள். ரோமர் 15:20 சொல்வது இதைத்தான். அந்தப் பகுதியில் உள்ள சி.எஸ்.ஐ., கத்தோலிக்க, பெந்தெகொஸ்து சபைகளின் போதகர்களையும் பங்குத்தந்தையையும் போய்ப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பிற்பாடு கல்லறை இடத்துக்கும் கல்யாணத்துக்கும் அவர்களிடம்தான் போய் நிற்பீர்கள்.

2. நான்காம் மாதம்: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

தரிசனத்தை எழுதச் சொல்லும் ஆபகூக் 2:2ஐ மேடையில் எல்லோரும் சொல்கிறோம், எழுதுகிறவர்கள் குறைவு. ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை:

யாருக்காக (ஊர், தெரு, தொழில், வயது). மூன்று ஆண்டு முடிவில் என்ன இருக்கும்: எத்தனை வீட்டுக் கூட்டங்கள், எத்தனை பயிற்சி பெற்ற நடத்துநர்கள். எதைச் செய்ய மாட்டோம். மாதச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும். நடத்தும் பொறுப்பை நீங்கள் எந்த ஆண்டில், யாரிடம் விடுவீர்கள்.

மூன்றாவதாகச் சொன்ன "எதைச் செய்ய மாட்டோம்" என்பதுதான் கடினம். பள்ளி, அனாதை இல்லம், முதியோர் இல்லம், டிவி நிகழ்ச்சி எல்லாவற்றையும் முதல் தாளிலேயே எழுதுகிறவர்கள் ஒன்றையும் முடிப்பதில்லை. "ஆயிரம் ஆத்துமாக்கள்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதை யாராலும் திட்டமிட முடியாது. "அம்மாபேட்டை மண்டலத்தில் ஆறு வீட்டுக் கூட்டம், ஒவ்வொன்றையும் உள்ளூர் விசுவாசி ஒருவர் நடத்துவார்" என்ற வரியைத் திட்டமிட முடியும், சரிபார்க்கவும் முடியும்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. குழுவில் உள்ள ஒருவரை உங்கள் முன்னிலையில் புதியவர் ஒருவரிடம் அதைப் பார்க்காமல் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் மூன்று முறை குறுக்கிட வேண்டி வந்தால், தாள் இன்னும் தயாராகவில்லை.

3. ஏழு பேரும் பதிவும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கமாகப் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். டிரஸ்ட் என்றால் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. ஆட்கள் குறைவாகவே போதும், அதனால் பலர் டிரஸ்டுக்குப் போகிறார்கள். சபைக்குச் சங்கமே நல்லது என்பது எங்கள் கருத்து. ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல், குறித்த காலத்தில் தேர்தல் என்று சட்டமே போதகரைக் கேள்விக்குட்படுத்தும். அது தொந்தரவு மாதிரி தெரியும். ஐந்து ஆண்டு கழித்து உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான்.

சங்கத்துக்குத் தேவையானவை: அமைப்புக் குறிப்பு (சங்கத்தின் பெயரும் நோக்கமும்), துணை விதிகள் (அதை நடத்தும் முறை), ஏழு பேரின் ஆதார் மற்றும் முகவரிச் சான்று, புகைப்படம், அலுவலக முகவரிக்கான சான்று (வாடகை இடமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும்). விண்ணப்பம் பதிவுத் துறையின் இணையதளம் வழியாக. அனுமதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். ஏற்கெனவே பதிவான பெயரை ஒத்த பெயர் திருப்பி அனுப்பப்படும். ஆகவே மூன்று பெயர்களோடு போங்கள்.

வழக்கமான கண்ணிகள்:

ஏழு பேரில் மனைவி, தம்பி, மச்சான், மாமனார் என்று நிரப்புவது. பதிவு கிடைக்கும், சபையின் நம்பிக்கை கிடைக்காது. குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம்.

துணை விதிகளை இணையத்தில் கிடைத்ததை அப்படியே இறக்கிக் கையெழுத்துப் போடுவது. போதகரை நியமிப்பது யார், நீக்குவது யார், அவருடைய படியை (மாதப் பணத்தை) நிர்ணயிப்பது யார், சபை பிரிந்தால் சொத்து யாருக்கு என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். வழக்கு வரும் இடங்கள் இவையே.

பதிந்த பிறகு மறந்துவிடுவது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்தால் ஆறு மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு விட்டவர்கள் அபராதத்தோடு மொத்தமாக ஓடுகிறார்கள்.

4. பணம்

முதல் நாளிலிருந்தே சபைக்குத் தனிக் கணக்கு. பதிவுச் சான்று, துணை விதிகள், சங்கத்தின் பெயரில் பான் கார்டு, கணக்குத் தொடங்கும் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றோடு போனால் வங்கி தொடங்கித் தரும். இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எழுதுங்கள். அந்த இருவரும் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது. போதகரின் சொந்த ஜிபே எண்ணைக் காணிக்கைக்குப் போடுவது மிகப் பரவலான பழக்கம். வருமான வரி நோட்டீஸ் வந்தால் அது அவருடைய சொந்த வருமானமாகத்தான் தெரியும்.

காணிக்கைப் பையை ஆராதனை முடிந்த உடனே, அங்கேயே, இரண்டு பேர் எண்ணித் தாளில் கையெழுத்திட வேண்டும். திங்கள்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். போதகர் எண்ணக் கூடாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்கவே கூடாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் செலவும் வரிக் கணக்கில் சிக்கல்.

வருமான வரி விலக்குக்கு 1961 சட்டத்தின் 12ஏபி பிரிவின் கீழ் பதிவு பழக்கமானது; முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு. பழைய மாதிரிப் படிவத்தை எடுத்துக்கொண்டு போகாமல் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். "எங்களுக்குக் கொடுத்தால் 80ஜி சலுகை (கொடுப்பவருக்கு வரிக் கழிவு) உண்டு" என்று மேடையில் அறிவிக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்கென இயங்கும் அமைப்புக்கு 80ஜி கிடையாது. பெயர் எழுதாத உண்டியல் காணிக்கைக்கு முழுக்க மத அமைப்பாக இருந்தால் தனி வரி இல்லை. பள்ளியோ மருத்துவமனையோ நடத்தி அதற்கென்று பெயரில்லாமல் வாங்கினால் 30% வரி வரை போகும். ஒரே அமைப்பில் சபையையும் பள்ளியையும் கலக்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு கேட்க, அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும் அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் வர வேண்டியது டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டும். 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது, ஆகவே "எங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. வழியாக உங்களுக்கு அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் விசுவாசி தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அதே ஆள் குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. அட்டையில் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தால் ஆகும். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது ஹால் வாடகை, முன்பணம், மின்சாரம், போதகரின் படி, பதிவு மற்றும் ஆடிட்டர் கட்டணம், நாற்காலி, மைக் செட் என்று வரிசையாக எழுதுங்கள். ஹால் பிடிக்குமுன் ஓராண்டு வாடகை கையில் இருக்கட்டும். கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பது லூக்கா 14:28லேயே இருக்கிறது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

5. இடம்

முதலாண்டு வீடுகளிலேயே கூடுங்கள். பதினைந்து, இருபது பேர், மைக் இல்லாமல். இதுவே மலிவு, இதுவே உறுதி.

ஹால் வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தத்தில் "வழிபாட்டுக் கூட்டத்துக்கு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். "டியூஷன் சென்டர்" என்று எழுதி ஆராதனை நடத்தினால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்த அன்றே உரிமையாளர் கைவிடுவார். வீட்டு இணைப்பு மின்சாரத்தில் நிரந்தரமாக ஆராதனை நடத்துவதும் தவறு. வழிபாட்டிடங்களுக்கு மின்வாரியத்தில் 2-சி என்று தனிக் கட்டண வகை உண்டு.

சொந்தக் கட்டடம் கட்டவோ, ஒரு கட்டடத்தை வழிபாட்டிடமாக மாற்றவோ மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். மாநகராட்சியோ ஊராட்சியோ தரும் கட்டட அனுமதி அதற்கு மாற்றாகாது. பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம், கட்டட வரைபடம், சங்கத் தீர்மானம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் வருவாய்த் துறையிடமும் காவல் துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அஸ்திவாரம் போட்டுவிட்டு விண்ணப்பிப்பவர்கள்தான் சீல் வைக்கப்பட்ட கட்டடத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

நிலம் வாங்கினால் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். கிரயத்துக்கு 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம். "இப்போதைக்குப் போதகர் பெயரில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால், மாற்றும்போது மறுபடியும் தீர்வை கட்ட நேரும். அதற்குள் அவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். முப்பது பேர் உட்காரும் அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் எதற்கு என்று தயவுசெய்து யோசியுங்கள். சேலத்தில் புதிய சபைகள் மீது வரும் புகார் பெரும்பாலும் உபதேசத்தைப் பற்றியது அல்ல, டிரம் செட்டைப் பற்றியது.

6. மலைக்கு ஏறுகிறவர்களுக்கு

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழி இன்னொன்று. மழைக்காலத்தில், முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து ஏறிப்போய் நடத்தும் சபை அங்கே நிலைக்காது. அங்கேயே குடியிருப்பவர் நடத்த வேண்டும், அல்லது நீங்கள் குடியேற வேண்டும். காபி அறுவடை ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் பயிற்சி வகுப்பு வைக்காதீர்கள். மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா. பஸ்ஸிலும் இடம் கிடைக்காது, அறை வாடகையும் ஏறும்.

இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்தவர் அல்லர். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரைப் பார்த்துப் பேசாமல் கிராமத்தில் கூட்டம் வைக்காதீர்கள். அவர் "வேண்டாம்" என்றால் அந்த ஆண்டு வேண்டாம்.

நிலம்: மலைப் பகுதிகளில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் கூடுதலாக வரும், கட்டட அனுமதிக்குச் சமவெளியைவிட நேரம் பிடிக்கும். அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலத்தைத் தானமாகக்கூட வாங்காதீர்கள். நிபந்தனை மீறப்பட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும், நிலம் கொடுத்தவருக்கும் இழப்புதான். பாறை உச்சியிலும் காப்புக் காட்டிலும் சிலுவை நடுவது தரிசனமல்ல, ஆக்கிரமிப்பு.

விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டு விசுவாசியைச் "சும்மா ஒரு சாட்சி" என்று மேடையேற்றும் பழக்கமும் உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கிக்கக் கூடாது. அவருக்கு அபராதமும் நாடுகடத்தலும், உங்களுக்கு விசாரணையும் வரும்.

7. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்

தமிழ்நாட்டில் இன்று தனி மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை. 2002இல் வந்தது 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அரிசி, பணம், வேலை, பள்ளிக் கட்டணம் எதையும் ஞானஸ்நானத்தோடு சேர்க்காதீர்கள். உதவி செய்வதானால் எல்லோருக்கும் செய்யுங்கள். பிற மதத்தைப் பழித்துப் பேசினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகள் வரும். ஞானஸ்நானம் கேட்பவர் தம் கையெழுத்தில் கடிதம் தரட்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்றைப் பலர் சொல்வதில்லை. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவர். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவர். பழங்குடியினர் ஆணையில் மத நிபந்தனை இல்லை. பிள்ளைகளின் கல்லூரி இடமும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால், குடும்பமாக உட்கார்ந்து தெரிந்து முடிவெடுக்கட்டும்.

கல்யாணத்தில் அதிக ஆபத்து. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர்தான் நடத்த முடியும். "பாஸ்டர்" என்ற பட்டம் போதாது. தனிச் சபைப் போதகருக்கு அரசின் உரிமம் வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்தினால் 68ஆவது பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. உரிமம் கிடைக்கும்வரை உரிமம் உள்ள போதகரிடம் அனுப்புங்கள், நீங்கள் ஜெபம் மட்டும் செய்யுங்கள். நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை, சாட்சி இருவர். தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவும் கட்டாயம்.

அடக்கத்துக்கு இடம் பார்ப்பது முதல் மரணம் நடந்த பிறகு செய்யும் வேலையாகக் கூடாது. பழைய சபைகளின் கல்லறைத் தோட்டங்கள் அவற்றின் உறுப்பினர்களுக்கானவை. முன்கூட்டியே எழுத்துமூலம் கேளுங்கள், இல்லையெனில் மாநகராட்சி அல்லது ஊராட்சி மயானம் எது என்று தெரிந்துவையுங்கள். சொந்தப் பட்டா நிலத்தில் அனுமதியில்லாமல் அடக்கம் செய்யாதீர்கள்.

8. பிள்ளைகளும் நோயாளிகளும்

ஞாயிறு பள்ளி அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. ஏழைப் பிள்ளைகள் நான்கு பேரை வீட்டில் தங்கவைத்து அதற்கு "இல்லம்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவில்லாத இல்லத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, குறைந்தது ஒரு லட்சம் அபராதமோ, இரண்டுமோ வரும். மலையில் இந்த ஆசை அதிகம் வரும்.

ஜெபியுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். காசநோய்க்கான ஆறு மாத மருந்தை இரண்டாம் மாதத்தில் விட்டவர் மருந்துக்கு அடங்காத நோயோடு திரும்பலாம். "புற்றுநோய் குணமாகும்" என்று போஸ்டர் அடிப்பது 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில் சிக்கவைக்கும்.

9. மூன்றாம் ஆண்டு: சாவியைக் கொடுக்கத் தொடங்குங்கள்

அப்போஸ்தலர் 14:23இல் பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுப் புறப்பட்டார்கள். நம் ஊரில் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை காத்திருக்கிறோம். மகனுக்கு ஊழிய அழைப்பு இருந்தால் நல்லது. அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அப்பா உட்காரக் கூடாது.

ஒவ்வொரு பொறுப்பையும் நான்கு கட்டமாகக் கொடுங்கள்: நீங்கள் செய்ய அவர் பார்ப்பது, இருவரும் சேர்ந்து செய்வது, அவர் செய்ய நீங்கள் பார்ப்பது, நீங்கள் அந்த இடத்திலேயே இல்லாதிருப்பது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வேண்டுமென்றே வெளியூர் போங்கள், போனையும் அணைத்து வையுங்கள். மூன்றாம் ஆண்டில் அது இரண்டு ஞாயிறாகட்டும்.

ஆண்டுக்கொரு முறை, கணக்குத் தாக்கல் செய்யும் மாதத்திலேயே, அந்த ஒரு பக்கத் தாளைப் பொதுக்குழுவில் வாசித்து, நடந்தது, நடக்காதது, இனித் தேவையில்லாதது என்று பிரியுங்கள். வாசிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் கைமாற வேண்டியவை: பதிவுச் சான்றின் அசல், துணை விதிகள், தீர்மானப் புத்தகம், காணிக்கைப் பதிவேடு, ஞானஸ்நான மற்றும் திருமணப் பதிவேடுகள், பான் கார்டு, காசோலைப் புத்தகம், வங்கியில் கையெழுத்து மாற்றும் கடிதம், வாடகை ஒப்பந்தம், ஆட்சியர் அனுமதிக் கோப்பு, வருமான வரி இணையதளக் கடவுச்சொல், யூடியூப், வாட்ஸாப் குழுக்களின் நிர்வாக உரிமை, ஹால் சாவி இரண்டு செட். பட்டியலை இரண்டு நகல் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஓ.டி.பி. இன்னும் பழைய போதகரின் போனுக்கே போகிறதா என்று அன்றைக்கே சோதித்துப் பாருங்கள்.